பக்கத்தில் நிற்பவர்

படத்தின் முடிவை யாராவது முன்கூட்டியே சொல்லிவிட்டால் பலருக்கு முகம் சுண்டிப்போகும். எனக்கு அப்படி இல்லை. நாயகன் இதுவரை வாழ்ந்ததெல்லாம் பிரமை என்று கடைசிக் கால்மணி நேரத்தில் போட்டு உடைக்கிற படங்களில், முடிவு தெரிந்த பிறகுதான் எனக்குப் படமே தொடங்குகிறது. இந்தக் கட்டுரையில் பல படங்களின் முடிவு வரப்போகிறது. முடிவு தெரியாமல் பார்க்க ஆசைப்படுபவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

முதல் தடவை பார்க்கும்போது நாம் நாயகனை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. அவன் தேடுவதை நாமும் தேடுகிறோம், அவன் சந்தேகப்படுகிறவர்களை நாமும் சந்தேகப்படுகிறோம். இரண்டாம் தடவை கண் தானாகவே அவனுக்குப் பக்கத்தில் நிற்பவர் மேல் போய்விடுகிறது. இந்த ஆளுக்கு எல்லாம் தெரியுமே, தெரிந்துகொண்டா இப்படி நின்றார், எப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார், எந்த இடத்தில் சிரிப்பது போல் நடித்தார் என்று பார்க்கத் தோன்றுகிறது. எது நிஜம், எது மாயை என்ற கேள்வியைத்தான் இந்த வகைப் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். அது ஒரு தடவை விடை கிடைத்தால் தீர்ந்துபோகிற கேள்வி. உண்மை தெரிந்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் எத்தனை தடவை பார்த்தாலும் தீராத கேள்வி.

மார்ட்டின் ஸ்கோர்செஸியின் ‘ஷட்டர் ஐலண்ட்’ 2010இல் வந்தது. டென்னிஸ் லெஹேன் 2003இல் எழுதிய நாவல்தான் மூலம். 1954ஆம் ஆண்டு. பாஸ்டனுக்கு அப்பால் கடலில் ஒரு தீவு, அதில் குற்றம் செய்த மனநோயாளிகளுக்கான மருத்துவமனை. பூட்டிய அறையிலிருந்து காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடி டெடி டேனியல்ஸ் என்ற மத்திய அரசு அதிகாரி வருகிறார். லியானார்டோ டிகாப்ரியோ. கூடவே சக் என்ற புதிய கூட்டாளி, மார்க் ரஃபலோ. கடைசியில் தெரிவது இது: டெடி என்று ஒருவர் இல்லை. இரண்டு வருடங்களாக அதே மருத்துவமனையில் இருக்கும் நோயாளி அவர். மனைவி மூன்று குழந்தைகளையும் ஏரியில் மூழ்கடித்துக் கொன்றாள், அவர் அவளைச் சுட்டார். அந்த நினைவைத் தாங்க முடியாமல் வேறொரு ஆளாக வாழ்ந்துகொண்டிருக்கிறார். கூட்டாளி சக்தான் அவருக்கு வைத்தியம் பார்த்துவந்த மருத்துவர் ஷீஹன். தீவு முழுக்க அவருக்காக நாடகம் போட்டிருக்கிறது.

இப்போது முதல் காட்சிகளுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். மருத்துவமனை வாசலில் இருவரும் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். டெடி இயல்பாகக் கழற்றிக் கொடுத்துவிடுகிறார். சக் தன் இடுப்பிலுள்ள உறையோடு மல்லுக்கட்டுகிறார். துப்பாக்கி வைத்துப் பழகிய ஆள் இல்லை என்று அப்போதே சொல்லியாகிவிட்டது, நாம்தான் கவனிக்கவில்லை. காவலர்கள் ஏன் படகுத்துறையில் அத்தனை விறைப்பாகத் துப்பாக்கியை ஏந்தி நிற்கிறார்கள்? ஆபத்தான நோயாளி ஒருவரைக் கட்டவிழ்த்து விட்டிருக்கிறார்களே, அதனால். காணாமல் போன பெண்ணைக் கடற்கரையில் தேடும்போது ஏன் அக்கறையே இல்லாமல் பாறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்? அப்படி யாரும் காணாமல் போகவில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது விசாரணைக் காட்சி. ஒரு பெண் நோயாளியிடம் மருத்துவர் ஷீஹனைப் பற்றி டெடி கேட்கிறார். அந்த ஷீஹனோ பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெண்ணின் கண் அவர் பக்கம் ஒரு கணம் போய்த் திரும்புகிறது. அவளுக்கு இந்த நாடகம் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள். தம்ளரைத் தூக்கிக் குடிக்கும் அந்த ஒரு துண்டுக் காட்சியில் அவள் கையில் தம்ளரே இல்லை. வெறுங்கையை வாயருகே கொண்டுபோகிறாள். அடுத்த துண்டில் மேஜைமேல் தம்ளர் இருக்கிறது. படத்தொகுப்புப் பிழை என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். தண்ணீரை மனம் ஒப்புக்கொள்ளாத ஒரு தகப்பனின் கண் வழியாக நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதே என் கட்சி.

கதை நடக்கும் ஆண்டு சும்மா வைத்ததில்லை. மூளையின் முன்பகுதி நரம்புகளைத் துண்டிக்கும் அறுவைக்கு 1949இல்தான் போர்த்துகீசிய மருத்துவர் எகாஸ் மோனிஸுக்கு நோபல் பரிசு கொடுத்திருந்தார்கள். குளோர்புரோமசின் என்ற மருந்து அமெரிக்காவுக்குள் வந்தது 1954இல். ஒரு பக்கம் கத்தி, மறுபக்கம் மாத்திரை. தலைமை மருத்துவராக வரும் பென் கிங்ஸ்லி இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றைப் பிடிவாதமாக முயல்கிறார்: நோயாளியின் கதைக்குள் நாமும் இறங்கி, அதை அதன் கடைசிவரை நடத்திக் காட்டினால் அவன் தானே வெளியே வந்துவிடுவான். தோற்றால் கத்திதான்.

வெளியே வருகிறான். மறுநாள் காலை படிக்கட்டில் உட்கார்ந்து மறுபடி டெடியாகப் பேசுகிறான். ஷீஹன் தூரத்தில் நிற்பவர்களைப் பார்த்து லேசாகத் தலையசைக்கிறார், பலிக்கவில்லை என்று. அப்போதுதான் அவன் கேட்கிறான்: அரக்கனாக வாழ்வது மோசமா, நல்ல மனிதனாகச் செத்துப்போவது மோசமா? எழுந்து நடக்கிறான். ஷீஹன் “டெடி?” என்று கூப்பிடுகிறார். அவன் திரும்பவில்லை. டெடி என்ற பெயருக்குத் திரும்பாதவன் டெடியாக இருக்க முடியாது. அவனுக்குத் தெளிந்துவிட்டது, தெரிந்தே கத்தியைத் தேர்ந்தெடுத்துவிட்டான். இதை எல்லோரும் டிகாப்ரியோவின் காட்சியாகப் பேசுகிறார்கள். அந்த நொடியில் ரஃபலோவின் முகத்தைப் பாருங்கள். உண்மையைத் திருப்பிக் கொடுத்தவர், அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவன் எப்படி வாழ்வான் என்று யோசிக்காமல் விட்டுவிட்டார்.

இந்தக் குடும்பத்துக்கு மூத்த படம் 1920இல் பெர்லினில் வெளியான ‘டாக்டர் கலிகாரியின் அலமாரி’. ராபர்ட் வீனே இயக்கியது. கோணல் சுவர்கள், துணியில் தீட்டிய நிழல்கள், தூக்கத்தில் நடந்து கொலை செய்யும் ஒருவன். எல்லாம் சொல்லிமுடித்த பிறகு கதை சொன்ன இளைஞனே மனநல விடுதியில் இருப்பவன் என்று தெரிகிறது. கொலைகாரக் கலிகாரி என்று அவன் நம்பியவர் அந்த விடுதியின் இயக்குநர். இந்தச் சட்டகத்தைச் சேர்த்ததால் அதிகாரத்துக்கு எதிரான கதை அதிகாரத்துக்குத் துதி பாடுகிற கதையாகிவிட்டது என்று திரைப்பட ஆய்வாளர் ஸீக்ஃப்ரீட் கிரகவ்வர் 1947இல் எழுதிய புத்தகத்தில் வாதிட்டார். எனக்கு வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, பைத்தியம் தெளிந்த கடைசிக் காட்சியிலும் அந்த விடுதியின் முற்றம் பழைய கோணலோடுதான் இருக்கிறது. இரண்டு, படத்தின் கடைசி வசனம் அந்த விடுதி இயக்குநருடையது: இவனுடைய பிரமை என்னவென்று புரிந்துவிட்டது, இனி இவனைக் குணப்படுத்தும் வழி எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. தெரிந்தவரின் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை இந்த வகையின் முதல் படமே சொல்லிவிட்டது.

ஸ்கோர்செஸியின் தீவில் தோற்றுப்போன அதே வைத்தியம் கேரளத்தில் பலித்திருக்கிறது. 1993இல் ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’. நம்மில் பெரும்பாலோருக்கு 2005இல் பி. வாசு எடுத்த ‘சந்திரமுகி’ வழியாகத்தான் அறிமுகம். கங்கா என்ற மருமகள் தன்னை நூறாண்டுகளுக்கு முன் கொல்லப்பட்ட தஞ்சாவூர் நாட்டியக்காரி நாகவல்லி என்று நம்புகிறாள். மனநல மருத்துவர் சண்ணி அவளுக்கு ஒரு மேடை கட்டுகிறார். நாகவல்லி பழிவாங்க வேண்டிய ஆளை அவள் கையில் கொடுத்து, வெட்டும் நேரத்தில் பலகையைப் புரட்டி, ஆள் இருந்த இடத்தில் பொம்மையை வைத்துவிடுகிறார்கள். அவள் பொம்மையை வெட்டுகிறாள், கதை முடிகிறது, கங்கா கண்விழிக்கிறாள். பாஸ்டன் மருத்துவர்களுக்கு இந்தப் புரளும் பலகை தோன்றவில்லை.

அப்படத்தில் மோகன்லாலையும் ஷோபனாவையும் பேசாதவர் இல்லை. தேசிய விருது ஷோபனாவுக்குக் கிடைத்ததும் நியாயம்தான். நான் பார்ப்பது கணவனாக வரும் சுரேஷ் கோபியை. தன் மனைவிக்குள் இன்னொருத்தி இருக்கிறாள் என்று நண்பன் சொன்னதை அவரால் நம்ப முடியவில்லை. சோதித்துப் பார், அவளை இன்று வெளியே போகவிடாதே என்கிறார் சண்ணி. கல்யாணத்துக்கு நகை வாங்கக் கிளம்பி நிற்கும் மனைவியிடம் போக வேண்டாம் என்கிறார் அவர். அவள் முதலில் கெஞ்சலாகக் கேட்கிறாள். பிறகு குரல் மாறுகிறது, கண் மாறுகிறது, கட்டிலை ஒரு கையால் தூக்குகிறாள். அரங்கமே அவளைப் பார்க்கிறது. அவரோ, தான் தெரிந்தே சீண்டிய மனைவியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தமிழில் இதே இடத்தில் பிரபு நிற்பார். ஜோதிகாவின் கண்களைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கணவன் வேலை எப்போதுமே அப்படித்தான்.

இந்தக் கதை மொழிக்கு மொழி போனதில் ஒரு வேடிக்கை உண்டு. மலையாளத்தில் பேய் தமிழ் பேசியது, வாலி எழுதிய தமிழ் வரிகளோடு. தமிழுக்கு வந்ததும் தெலுங்கு பேசியது. இந்தியில் 2007இல் போனபோது வங்காளி ஆகிவிட்டது. ஒவ்வொரு ஊர்க்காரரும் பித்தைப் பக்கத்து ஊர் மொழியில்தான் பேசவிடுகிறார்கள். சொந்த மொழியில் பேசினால் பயம் வராது போலிருக்கிறது.

1999இல் இரண்டு படங்கள் பத்து வார இடைவெளியில் வந்தன. ஒன்று ‘ஃபைட் கிளப்’. அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை, இளைஞர்கள் தேவைக்கு மேல் சொல்லியாயிற்று. பெயரில்லாத நாயகனும் அவன் நண்பன் டைலர் டர்டனும் ஒரே ஆள் என்று தெரிந்த பிறகு மார்லா என்ற பெண் வரும் காட்சிகளை மட்டும் தனியாகப் பார்த்தால் போதும். இரவில் கொஞ்சுகிறவன் காலையில் சமையலறையில் நீ இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்டால் ஒரு பெண் என்ன செய்வாள்? அவள் ஒவ்வொரு தடவையும் திகைத்துப்போகிறாள், திட்டிவிட்டுப் போகிறாள், திரும்பி வருகிறாள். அவளுக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. முதல் தடவை பார்க்கும்போது அவள்தான் பைத்தியம் என்று நினைத்திருப்போம்.

இன்னொன்று ‘த சிக்ஸ்த் சென்ஸ்’. புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேயில் பிறந்த ஷியாமளன் எடுத்தது. ஆகஸ்ட் 6ஆம் தேதி படம் அமெரிக்காவில் வெளியானபோது அவருக்கு இருபத்தொன்பதாவது பிறந்தநாள். இது பேய்க்கதை, பிரமைக் கதை இல்லை என்று யாராவது சொல்லலாம். செத்துப்போனது தெரியாமல், மனைவி தன்மேல் கோபமாக இருப்பதால்தான் பேசவில்லை என்று ஒரு மனிதன் நம்பிக்கொண்டிருக்கிறான். அது பிரமை இல்லையென்றால் வேறெது?

இந்தப் படத்தின் புத்திசாலித்தனத்தை ஒரே காட்சியில் காட்டிவிடலாம். மருத்துவர் மால்கமும் சிறுவன் கோலின் தாயும் வரவேற்பறையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். பையன் பள்ளியிலிருந்து வருகிறான். ஏதோ பேசிமுடித்து அவனுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். படம் அப்படிச் சொல்லவே இல்லை. அந்தத் தாய் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பேச்சு நடந்தது என்று கட்டிக்கொண்டது நம் மனம். பிரமையில் இருப்பவர் நாள் முழுக்கச் செய்கிற வேலையும் இதுதான்: இடைவெளி விழும் இடத்தில் எல்லாம் தனக்குத் தோதான ஒன்றை வைத்து அடைப்பது.

இங்கே உண்மை தெரிந்தவன் யார் என்று யோசித்தால் படமே தலைகீழாகிவிடுகிறது. ஒன்பது வயதுப் பையன். தனக்கு வைத்தியம் பார்க்க வந்திருப்பவர் இறந்தவர் என்று அவனுக்குத் தெரியும். மருத்துவமனைப் படுக்கையில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, இறந்தவர்கள் தன் கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்ற இரகசியத்தைச் சொல்கிறானே, அப்போதே சொல்கிறான்: அவர்கள் செத்துப்போனது அவர்களுக்கே தெரியாது, பார்க்க விரும்புவதை மட்டும் பார்ப்பார்கள். யாரைப் பார்த்துச் சொல்கிறான்? எதிரே உட்கார்ந்திருக்கும் ப்ரூஸ் வில்லிஸின் முகத்தைப் பார்த்து. சொல்லியும் அவர் விளங்கிக்கொள்ளவில்லை, பையனும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மனைவி தூங்கும்போது அவளிடம் பேசுங்கள் என்று பின்னால் யோசனை மட்டும் சொல்கிறான். பிரியும்போது, நாளைக்குப் பார்த்துக்கொள்வோம் என்று சும்மா வைத்துக்கொள்ளலாமா, விளையாட்டுக்கு, என்று கேட்கிறான். படம் முழுக்க நோயாளிக்கு மருத்துவம் பார்த்தது அந்தப் பையன்தான். ஷீஹனும் சண்ணியும் பட்டம் வாங்கியவர்கள். இவன் அளவுக்குப் பொறுமை அவர்களுக்கு இல்லை.

என் பெரியம்மாவுக்குக் கடைசி வருடங்களில் மறதி நோய். பெரியப்பா இறந்து வெகுகாலமாகியிருந்தது. பகலெல்லாம் சாதாரணமாக இருப்பார். வெயில் தாழ்ந்ததும் ஒரு தவிப்பு வந்துவிடும், இந்த நோயில் பலருக்கும் சாயங்காலம் அப்படித்தான். வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தபடி, “அவர் இன்னும் வரவில்லையே?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அண்ணன் நேர்மையான மனிதர், பொய் சொல்லிப் பழக்கமில்லை. “அப்பா போய்ச் சேர்ந்துவிட்டாரே அம்மா” என்பார். பெரியம்மா அதை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேள்விப்படுவார். தலையில் அடித்துக்கொண்டு அழுவார், எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்பார். அரைமணி நேரத்தில் மறந்துவிடும். மறுபடி வாசலுக்குப் போவார்.

அண்ணி வேறு வழி கண்டுபிடித்திருந்தார். “ஆபீஸில் ஆடிட் நடக்கிறதாம் அத்தை, வர நேரமாகும். மாமாவுக்குச் சாப்பாடு எடுத்து மூடி வைத்துவிட்டேன், நீங்கள் சாப்பிடுங்கள்.” வெறும் வாய்வார்த்தை இல்லை. நிஜமாகவே ஒரு தட்டில் சோற்றைப் போட்டு இன்னொரு தட்டால் மூடி அலமாரியில் வைப்பார். பெரியம்மா போய்த் திறந்து பார்ப்பார், ரசம் ஊற்றவில்லையா என்று கேட்பார், திருப்தியாகச் சாப்பிட உட்காருவார். அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. பெற்ற தாயை ஏமாற்றுவதா என்று வீட்டில் சண்டையே நடந்திருக்கிறது. நான் அண்ணி கட்சி. இன்றுவரைக்கும் அதே கட்சிதான்.

ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில் பென்ராத் என்ற பகுதியிலுள்ள முதியோர் இல்லத்தின் முன்னால் ஒரு பஸ் நிறுத்தம் வைத்தார்கள். பெஞ்சு, பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. பஸ் மட்டும் வராது. மறதி நோயுள்ளவர்கள் திடீரென்று வீட்டுக்குப் போக வேண்டும், குழந்தைகள் காத்திருப்பார்கள் என்று கிளம்பிவிடுவார்கள். தடுத்தால் ரகளை. அந்த நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் எதற்கு வந்தோம் என்பது மங்கிப்போகும். ஊழியர் ஒருவர் வந்து, பஸ் தாமதமாகிறது, அதுவரை உள்ளே காபி குடிக்கலாமே என்று அழைத்துப் போவார். இதைப் படித்தபோது எனக்கு அண்ணியின் மூடிய தட்டுத்தான் ஞாபகம் வந்தது. ஏமாற்று வேலை என்று இதை எதிர்ப்பவர்கள் மருத்துவர்களிலேயே உண்டு. அவர்களையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது. இன்று காபிக்காகச் சொல்கிற பொய், நாளை யாருடைய வசதிக்காக என்ற கேள்வி அவர்களுடையது.

2007இல் வந்த ‘லார்ஸ் அண்ட் த ரியல் கேர்ள்’ அந்தப் பஸ் நிறுத்தத்தை ஓர் ஊர் அளவுக்குப் பெரிதாக்கிய படம். கூச்ச சுபாவமுள்ள லார்ஸ், இணையத்தில் வாங்கிய ஆளுயரப் பொம்மையைத் தன் காதலி பியங்கா என்று வீட்டுக்கு அழைத்து வருகிறான். இங்கே பிரமை நமக்கு முதலிலிருந்தே தெரியும், அதனால் படம் முழுக்கப் பக்கத்தில் நிற்பவர்கள் படம். எப்போது இது முடியும் என்று அண்ணன் கேட்கிறான். அவனுக்கு இது தேவைப்படாதபோது என்கிறார் மருத்துவர். ஊரே பியங்காவுக்கு முடி திருத்துகிறது, தேவாலயத்துக்குக் கூட்டிப்போகிறது, வேலை போட்டுக் கொடுக்கிறது. ஒரு கட்டத்தில் பியங்காவுக்கு நேரமே இல்லாமல் போய், என்னை யாரும் கவனிப்பதில்லை என்று லார்ஸ் கோபித்துக்கொள்கிறான். அப்போது அண்ணி வெடித்துவிடுகிறாள்: இவ்வளவும் இந்த ஊர் யாருக்காகச் செய்கிறது என்று நினைக்கிறாய்? பொம்மைக்கு உடம்பு முடியாமல் போனதும் அக்கம்பக்கத்துக் கிழவிகள் சாப்பாட்டோடு வந்து, பின்னல் வேலையை எடுத்து வைத்துக்கொண்டு அவனோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவன் கேட்கிறான். ஒன்றும் வேண்டாம், துக்கம் வந்தால் வந்து உட்கார்வோம், அவ்வளவுதான் என்கிறார்கள். நம் ஊர்த் துக்க வீடு மாதிரியே இருக்கிறது. படம் கொஞ்சம் தேன் தடவியதுதான். ஒரு சிற்றூரில் ஒருவர்கூடவா கல்லெறிய மாட்டார்?

தேனே தடவாதது ஃப்ளோரியன் ஸெல்லரின் ‘த ஃபாதர்’, 2020. அவரே எழுதிய நாடகத்திலிருந்து எடுத்தது. அந்தோணி என்ற முதியவரின் மறதிக்குள்ளேயே நம்மை உட்கார வைக்கிறது. கூடத்தில் இருந்த நாற்காலி அடுத்த காட்சியில் இல்லை. சமையலறைச் சுவர் நிறம் மாறியிருக்கிறது. மகள் ஆன் கடைக்குப் போய்க் கோழி வாங்கித் திரும்புகிறாள், திரும்பி வருபவள் வேறொரு பெண். இது என் வீடு என்று அவர் சொல்லும் வீடு யாருடையது என்று நமக்கும் தெரியாது. இங்கே கடைசியில் உடைக்க ஒரு முடிச்சு இல்லை, ஒவ்வொரு காட்சியும் தன்னைத்தானே உடைத்துக்கொள்கிறது. எண்பத்து மூன்று வயதில் அந்தோணி ஹாப்கின்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது. பாத்திரத்துக்கு வைத்த பிறந்த தேதியும் அவருடையதே.

நான் மகள் ஆனாக வரும் ஒலிவியா கோல்மனைத்தான் பார்க்கிறேன். பணிப்பெண் வேலைக்காக ஓர் இளம்பெண் வருகிறாள். கிழவருக்கு ஒரே உற்சாகம். தான் முன்பு நடனக்காரன் என்று புளுகுகிறார். நீ என் இளைய மகள் லூசி மாதிரியே இருக்கிறாய் என்கிறார், லூசியைப் போல உண்டா, இதோ நிற்கிறாளே இந்த மூத்தவளை மாதிரியா என்று மட்டம் தட்டுகிறார். லூசி உயிரோடு இல்லை. ஆன் அதைச் சொல்லலாம். ஒரே வாக்கியத்தில் அந்தச் சிரிப்பை நிறுத்திவிடலாம். கண்ணில் தண்ணீரோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள், வந்த பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு. அண்ணியின் தட்டைவிட இது கடினம். அண்ணி சொன்ன பொய்யில் அவருக்கு இழப்பு ஒன்றுமில்லை. ஆன் காக்கும் மௌனத்தில் தங்கை உயிரோடு இருக்கிறாள், இவளுக்குத்தான் அப்பா இல்லாமல் போகிறார்.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் தெரிந்தவர்தான் முடிவெடுக்கிறார்: சொல்வதா, கூட நடிப்பதா, பேசாமல் இருப்பதா என்று. நோயாளியைக் கேட்பதில்லை. கேட்க நேர்ந்த ஒரே படம் ரான் ஹவர்ட் 2001இல் எடுத்த ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’. கணித மேதை ஜான் நாஷின் வாழ்க்கை என்று பெயர். அவருக்கு ஒரு கல்லூரி அறைத்தோழன், அவனுடைய சகோதரி மகளான ஒரு சிறுமி, இரகசிய வேலை கொடுக்கும் அதிகாரி ஒருவர், மூவரும் கிடையாது. அந்தச் சிறுமி புறாக்கூட்டத்தின் நடுவே ஓடும்போது ஒரு புறாகூட எழும்புவதில்லை, நல்ல குறிப்பு. பிற்பாடு நோபல் செய்தியோடு முன்பின் தெரியாத ஒருவர் வந்து நிற்க, நாஷ் பக்கத்தில் போகும் மாணவியிடம் இவர் உன் கண்ணுக்குத் தெரிகிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பிரமையை வைத்தியர் பிடுங்கவும் இல்லை, ஊர் தாலாட்டவும் இல்லை. பக்கத்தில் நிற்பவரை அவரே வேலைக்கு வைத்துக்கொள்கிறார்.

ஆனால் இந்தப் படத்தின்மேல் எனக்கு வழக்கு நிறைய. உண்மையான நாஷுக்குக் குரல்கள் கேட்டன, ஆட்கள் தெரியவில்லை. செய்தித்தாள்களில் தனக்கு மட்டும் புரியும் சங்கேதச் செய்திகள் வருவதாக நம்பினார். மனைவி அலிசியா 1963இல் விவாகரத்து வாங்கினார். 1970இல் அவரை மறுபடி தன் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார், 2001இல் மறுபடி மணந்துகொண்டார். எவ்வளவு பெரிய கதை, படம் அதைத் தாண்டிக் குதித்துவிட்டது. 1970க்குப் பிறகு அவர் மருந்தே சாப்பிடவில்லை. படத்திலோ புதிய மருந்துகள் சாப்பிடுவதாக ஒரு வசனம் உண்டு. பார்ப்பவர்கள் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாதே என்ற கவலை, அது நியாயமான பொய் என்று விட்டுவிடலாம். படத்தில் பேராசிரியர்கள் வரிசையாக வந்து மரியாதைக்காக அவர் முன் பேனாவை வைப்பதும், மனைவிக்கு நன்றி சொல்லும் நோபல் உரையும் கட்டுக்கதை. நிஜத்தில் நடந்தது இன்னும் எளிமையானது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அவரை வளாகத்தில் உலவவிட்டது. கரும்பலகைகளில் புரியாத சூத்திரங்களை எழுதிப் போவார், யாரும் விரட்டவில்லை. லார்ஸின் ஊர் நிஜமாகவே இருந்திருக்கிறது, பல்கலைக்கழகம் என்ற பெயரில்.

1994இல் நோபல் கிடைத்தபோது நாஷ் தன் வாழ்க்கைக் குறிப்பை எழுதிக் கொடுத்தார். அதில், பகுத்தறிவோடு யோசிக்கத் திரும்பியது உடல் ஊனம் ஒன்று நீங்கி நலமாவதைப் போல முழு மகிழ்ச்சி தரும் விஷயமில்லை என்கிறார். சிந்தனையின் பகுத்தறிவு, பிரபஞ்சத்தோடு தனக்குள்ள உறவைப் பற்றி ஒருவன் என்ன நினைக்கலாம் என்பதற்கு எல்லை போட்டுவிடுகிறதாம். பார்சி மதத்தின் மூலவரான ஜரதுஷ்டிரரை உதாரணம் காட்டுகிறார்: அந்தப் பித்து இல்லாவிட்டால் அவரும் வாழ்ந்து மறந்துபோன கோடிக்கணக்கானவர்களில் ஒருவராகத்தான் இருந்திருப்பார். ஸ்டாக்ஹோம் வரை போய்ப் பரிசு வாங்கிய மனிதர், தெளிந்து வந்த இடத்திலிருந்து இப்படி எழுதுகிறார். ஹாலிவுட் புறாவையும் பேனாவையும் தானாகச் சேர்த்துக்கொண்டது, இந்தப் பத்தியை விட்டுவிட்டது. இதை வைத்து யாராவது படம் எடுத்தால், முடிவை முன்னாலேயே சொல்லிவிட்டாலும் பரவாயில்லை, முதல் காட்சிக்கே டிக்கெட் எடுத்துவிடுவேன்.